கேஸ் நிற்காத ஏர்சாஃப்ட் பிஸ்டல்: நான் சரிசெய்த விதம்

ஜப்பானில் வாங்கிய கேஸ் புளோபேக் பிஸ்டல், அதாவது கேஸ் அழுத்தத்தில் இயங்கும் விளையாட்டுத் துப்பாக்கி. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு, அங்குள்ள சட்டப்படி சக்தி 1 ஜூலுக்கும் கீழேதான். சுடும்போது மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போய்க் கையை உதைக்குமே, அந்தச் சுகத்துக்காகவே வாங்கினேன். நன்றாக உழைத்த பிறகு அந்த உதை மந்தமாகிவிட்டது. குண்டும் கேஸும் நிரப்பும் மேகசினில் அடைத்து வைத்த கேஸும் மறுநாள் காலி.

குளிரோ என்று முதலில் சந்தேகம். இதில் நிரப்பும் 134ஏ கேஸ் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், பனிக்காலத்தில் இந்த மாதிரி பிஸ்டல்கள் சோம்பும். ஆனால் கோடையிலும் அதே கதை. சரி என்று மேகசினைத் தண்ணீரில் முக்கினேன். அடிப்பக்கம் ஒன்றுமில்லை, பின்புற வால்வின் ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழிகள்.

மிச்ச கேஸை வெளியேற்றி, ஈரம் துடைத்து, வால்வைக் கழற்றினேன். கேஸை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விறைத்துப்போய், நகம் பட்ட இடத்தில் கீறல் விழுந்தது. புதியதில் சிலிகான் எண்ணெய் தடவிப் போட்டேன். தையல் மிஷின் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், சில வகை ரப்பர் உப்பிவிடும்.

கசிவு நின்றாலும் உதை பாதிதான் வந்தது. ஸ்லைடுக்குள் குண்டை உள்ளே தள்ளும் நாசில் என்ற குழலில், கேஸ் கசியாமல் அடைத்து ஸ்லைடு பின்னால் போக உதவும் பிஸ்டன் கப்பின் விளிம்பு தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினேன், பழைய வேகம் வந்துவிட்டது. குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் ரப்பரில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. குண்டு கண்டபடி போகும்.

அப்புறம், மேகசினை இப்போது கொஞ்சம் கேஸோடுதான் எடுத்து வைக்கிறேன். சீல் காயாமல் இருக்கும்.