வேலியோரத்துக்கு வெட்டிவேர்: நாற்று முதல் கத்தரிப்பு வரை

வெட்டிவேர் என்றதும் பானைத் தண்ணீரில் போடும் வாசனை வேர்தான் நினைவுக்கு வரும். மண்ணுக்கு மேலே அது ஆளுயரப் புல். நுனி வளைந்து, சின்னக் காற்றுக்கும் அலையலையாய் ஆடும். வேலியோரத்துக்கு நம் மண்ணில் இதைவிட அழகான புல் இல்லை என்றே சொல்வோம்.

நாற்று: நாட்டு மருந்துக் கடை வேரை நட்டால் முளைக்காது. தண்டும் வேரும் சேரும் தூரில்தான் குருத்து வரும். பச்சைத் தூரை வாங்கி, 2–3 சிம்புகள் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) உள்ள துண்டுகளாகப் பிரியுங்கள். இலையை ஒரு சாண், வேரை நான்கு விரல் விட்டு வெட்டிவிடுங்கள்.

இடம்: குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். மரநிழலில் சிம்பு விடாமல் மெலிந்து சாய்ந்துவிடும்.

நடவு: அரையடிக் குழி. எடுத்த மண்ணோடு இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரம். களிமண் என்றால் கொஞ்சம் மணலும். தூர் மண்ணுக்குள் ஓர் அங்குலம் இருந்தால் போதும். சுற்றிலும் காலால் மிதித்து இறுக்குங்கள். தனித்தனிக் குத்தாக அழகுக்கு வேண்டுமானால் 3 அடி இடைவெளி, நெருக்கமான வேலிக்கு அரையடி.

முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பழைய இலை காய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் இறங்கிவிட்டது. கையோடு வந்து, அடி பழுப்பாகக் குழைந்து நாறினால் தூர் அழுகல். ஆழமாக நட்டதோ தண்ணீர் தேங்கியதோதான் காரணம்; மேடாக்கி, புது நாற்று நடுங்கள். முதல் மூன்று மாதம் களை மூடவிடாதீர்கள். அதன்பின் வறட்சியைத் தானே தாங்கும்.

கத்தரிப்பு: வருடம் ஒருமுறை, மழைக்கு முன், ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். விட்டுவிட்டால் காய்ந்த தாள் உள்ளே அடைத்து, புதுச் சிம்புக்கு வெளிச்சம் கிடைக்காமல் குத்தின் நடு பொக்கையாகும். இலை விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை அவசியம்.

வேரும் வேண்டுமா? அழகுக்கு வைத்த குத்தைத் தோண்டாதீர்கள். உயரமான சாக்கில் மணல் கலந்த மண் நிரப்பித் தனியாக ஒன்று வையுங்கள். ஒன்றரை வருடத்தில் சாக்கைக் கிழித்துத் தண்ணீரில் அலசினால் வேர் அறுபடாமல் வரும். மிஞ்சும் தூரை அன்றே பிரித்து நட்டுவிடுங்கள்.