கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: தொட்டுக் காட்டுவோர் விடும் தவறுகள்

போன மாதம் யாழ்ப்பாணத்தில், விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பறவைகளையும் விலங்குகளையும் தொட்டுக் காட்ட நாலைந்து இளைஞர்கள் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் தொடக்கத்தில் விட்ட பிழைகளையே வரிசை தப்பாமல் விட்டார்கள். கை கழுவுவது, கூரானதைக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

கையைப் பிடித்து இழுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வரும், முதலில் என்மேல்தான். காற்றுக்குப் பனையிலிருந்து விழுந்த வெறும் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஆசை மிகுதியில் ஒன்பது வயதுச் சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்து, கூட்டின் குழாய் வாசலுக்குள் விட்டேன். எனக்கு அது அழகான நெசவு. அவளுக்கோ சொரசொரவென்று முடிவு தெரியாத ஓட்டை. வீரிட்டுக் கையை இழுத்தாள். குழாய் கிழிந்தது பெரிதில்லை. அந்தத் தவணை முடியும்வரை எதைக் கொண்டுபோனாலும் இரண்டு கைகளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

“சொல்லிப்போட்டுப் பிடிச்சிருக்கலாந்தானே, சேர்?” என்று பிறகொருநாள் கேட்டாள்.

யாராவது உங்கள் தலையைப் பிடித்துத் திருப்பி “பார்” என்றால் எப்படி இருக்கும்? அதேதான் இது. முதலில் சொல்லுங்கள்: கூடு, காய்ந்த புல், கீழே குழாய், உள்ளே ஒன்றுமில்லை. அப்புறம் உங்கள் கையைக் கூட்டில் வையுங்கள். பிள்ளையின் கை உங்கள் புறங்கையின்மேல் வந்து, அதன் வழியே தானாக இறங்கட்டும். விரும்பினால் கையை எடுத்துக்கொள்ளலாம், அதுதான் முக்கியம்.

பாதியில் நின்ற கூடும் கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். ஆண் குருவி தொப்பிபோல அதுவரை பின்னிவிட்டு, பெட்டைக்குப் பிடித்தால்தான் மிச்சத்தைக் கட்டும். இரண்டு கூட்டையும் மாறி மாறித் தடவினால் அந்தக் கதை விரலுக்கே பிடிபடும்.

பொம்மை அளவு

கடைப் பொம்மைகளில் யானையும் காகமும் ஒரே பருமன். சுண்டிக்குளம் களப்புக்கு வரும் பூநாரை நிமிர்ந்தால் ஏறக்குறைய 4 அடி, எடை 3 கிலோ அளவுதான். அந்த உயரத்தில் ஒரு தடியையும் அந்த எடையில் ஓர் அரிசிப் பையையும் கொடுங்கள், போதும்.

பழைய பாடம் செய்த உடல்கள்

ஆர்சனிக் பூசியிருக்கலாம். வெறுங்கைக்கு வேண்டாம்.

கடலாமை ஓடு

வைத்திருப்பதே குற்றம்.

ஓயாத விளக்கம்

விரல் நகரும்போது வாய் ஓய வேண்டும். போன மாதம் ஒரு தம்பி வலசைப் பறவைகளைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு பெடியன், பாதிக் கூட்டின் உட்பக்கம் ஆண் குருவி ஒட்டிவைத்த காய்ந்த களிமண் பொட்டைத் தானே கண்டுபிடித்து, “இது என்ன?” என்று இரண்டு தரம் கேட்டான். தம்பிக்குக் கேட்கவில்லை.