பாய்மரப் படகு ஓட்டப் பழகலாம்: ராமநாதபுரம் கடலில் முதல் பாடங்கள்

பாய்மரப் படகு ஓட்டப் பழக ராமநாதபுரம் கரையைப் போல வாகான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பேன். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா. ஊர்க்காரர்களுக்கு அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஒன்று கொந்தளிக்கும் மாதங்களில் மற்றது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வடக்குப் பக்கம் கரையோரம் ஆழமும் குறைவு. பல இடங்களில் விழுந்தால் காலூன்றி எழுந்துவிடலாம்.

முதல் வேலை, நல்ல ஆசிரியரைத் தேடுவது. படகைவிட இதுதான் முக்கியம். தொண்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. அங்கே வளர்ந்தவர்களுக்குக் காற்று அத்துப்படி. ஆனால், தெரிந்தவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வந்துவிடாது. எனக்குக் கற்றுத்தந்த அண்ணன் வத்தை என்னும் மரப் படகில் பாய் விரித்துத் தொழில் பார்த்த குடும்பத்துக்காரர். முதல் நாள் படகைத் தொடவே விடவில்லை. கரையில் நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார்.

"மெதுவாத் திரும்பு தம்பி. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இரைச்சல் கேக்குற எடத்துல நில்லு. இப்ப உன் மூக்கு காட்டுற பக்கந்தான் காத்து வர்ற பக்கம்."

இதைத் தினமும் செய்யுங்கள். கடலில் கொடியும் மரமும் இருக்காது, காது கூடவே வரும். தண்ணீரில் நாம் தடுமாறும்போது அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று நம்மையே கேட்பார். கத்துகிற ஆசிரியரிடம் சேராதீர்கள். பயந்த கை கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பின்னாலேயே வர இன்ஜின் படகு இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுவிட்டு வாருங்கள்.

அடுத்தது, எந்த மாதம் எந்தப் பக்கம். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். பார்த்தால் பயமே வராது. ஆனால் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. அலை எழாததற்குக் காரணமே அதுதான். படகு சுலபமாக வெளியே போய்விடும், திரும்புவதுதான் பாடு. கரையை விட்டு விலக விலகக் காற்றும் அலையும் கூடும். வடகிழக்குக் காற்றான வாடை அடிக்கும் காலத்தில் தெற்குக் கரைக்கும் இதே கதை. அதனால், தண்ணீர் சாதுவாக இருக்கும் பக்கத்தில் கரையை ஒட்டியே பழகுங்கள். வாடை தணியும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஆரம்பத்துக்கு நல்லவை. கடலில் வெள்ளை நுரை பூக்கத் தொடங்கிவிட்டால் புதியவருக்கு அன்றைய பாடம் கரையில்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே இல்லை.

அப்புறம் படகு. ஒருவர் அல்லது இருவர் உட்காரும் சிறிய ஃபைபர் படகு போதும். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் உட்காருங்கள். ஒரு கையில் சுக்கான் பிடி, மறுகையில் பாயை இழுக்கும் கயிறு, அதாவது தாமான். சுக்கான் பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கம் படகு திரும்பும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

தாமானைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் வருமாறு படகை வைத்துக்கொண்டு, பாய் படபடக்கும்வரை கயிற்றை விடுங்கள். பிறகு படபடப்பு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அந்த இடம்தான் சரியான இடம். படகு லேசாகச் சாய்ந்து, அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், அடியில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கும். இன்னும் இழுத்தால் வேகம் கூடாது, சாய்வுதான் கூடும். படகு மிரண்டால் கயிற்றை விட்டுவிடுங்கள். பாயிலிருந்து காற்று வழிந்து படகு தணியும். இந்த ஒன்று உடம்பில் ஊறும்வரை அண்ணன் வேறு எதையும் தொடவிடமாட்டார்.

பக்கக்காற்றில் போய்வரத் தெரிந்ததும் எதிர்க்காற்றுக்கு வாருங்கள். காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகைக்குள் இந்த மாதிரி சிறிய பாய்மரப் படகு நேராக ஓடாது. இடமாகக் கொஞ்சம், வலமாகக் கொஞ்சம் என்று வளைத்து வளைத்துத்தான் மேலேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் மறுபக்கம் போகும். குனிந்துகொண்டே இடம் மாறுங்கள். பின்காற்றில் அந்தக் கட்டை படீரென்று அடிக்கும். அதைக் கடைசியில் கற்றால் போதும்.

கவிழ்வதை வேண்டுமென்றே பழகுங்கள். படகை விட்டு நீந்திப் போகவே கூடாது. தாமானை விட்டுவிட்டு, அடிப்பக்கம் சுற்றி வந்து, படகின் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைப் பிடித்து ஏறி நின்று உடம்பைப் பின்னால் சாய்த்தால் படகு நிமிரும்.

மண்டபம் பக்கம் போனால் கண்ணைத் தண்ணீர்மேல் வையுங்கள். கடற்பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் தாழ்வாக மிதக்கும், வெயிலில் தூரத்திலிருந்து தெரியாது. அவை அங்குள்ள பெண்களின் பிழைப்பு; மோதினால் அவர்கள் உழைப்பு போகும். வலை மிதவைகளையும் சுற்றியே போங்கள். கடல்தாழை என்னும் கடற்புல் படுகை மேல் போகும்போது நடுப்பலகையைத் தூக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புல் பிடுங்கிக்கொண்டு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆசை வந்தாலும் அனுமதியில்லாமல் கரையேறாதீர்கள்.

சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் உண்டு என்பதால் முழுக்கைச் சட்டை போடுங்கள். கரைக்கு வந்ததும் பாயையும் கப்பிகளையும் நல்ல தண்ணீரில் அலசி, பாயை நிழலில் உலர்த்திச் சுருட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.