கதைக்குள்ள சாமி வந்தா பண்ணக்கூடாத தப்புகள்

பழனி, கொடைக்கானல் பக்கத்துப் பசங்க இப்ப நெறைய பேரு அறிவியல் கதை, ஃபேன்டஸின்னு எழுத வந்துட்டாங்க, படிக்க அவ்ளோ சந்தோஷமா இருக்கு, ஆனா கதைக்குள்ள சாமி வந்த உடனே பாதி கதை படுத்துடுது. சாமி இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்றதுலயே குறியா இருக்காங்க, சாமிக்காக மனுஷங்க என்னென்ன பண்றாங்க, எதை விட்டுக்கொடுக்குறாங்க, யாரோட சண்டை போடுறாங்கங்குறது கதைக்குள்ள வர்றதே இல்ல.

அதிகமா பாக்குற தப்பு, "போகர் வேற்றுகிரகவாசி, நவபாஷாணச் சிலை ஒரு மெஷின்"னு கடைசிப் பக்கத்துல உடைக்குறது. பழனி மலைக்கோயில் முருகன் சிலை, ஒன்பது பாஷாணத்தை, அதாவது விஷப் பொருள்களை, கட்டி போகர்ங்குற சித்தர் செஞ்சதுன்னு ஐதீகம், அவரு சீனாவுக்குப் போனாருன்னும் சொல்லுவாங்க, அவரு சமாதியும் கோயிலுக்குள்ளயே இருக்கு, அதனால எழுதுறவங்களுக்கு ஆசை வர்றது புரியுது. ஆனா அது மெஷினாவே இருக்கட்டும், மறுநாள் காலைல காவடியோட படியேறுற கூட்டம் திரும்பிப் போயிடுமா? அங்கதான கதையே ஆரம்பிக்குது. சிலை தேயுதுன்னு பல வருஷமா பேச்சு இருக்குல்ல, அதை எடுத்துக்கோங்க. பக்தியோட ஊத்துற அபிஷேகமே சாமியைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்குதுன்னா, நிறுத்துங்கன்னு யாரு சொல்றது, அர்ச்சகரா, சிலையைச் சோதிக்க வந்த கெமிஸ்டா, பால்குடம் தூக்கி நாள்கணக்கா நடந்து வந்த அம்மா முகத்தைப் பாத்து அதை எப்படிச் சொல்றது? ஏலியனே தேவையில்ல, இதுக்குள்ளயே ஒரு நாவல் இருக்கு.

அடுத்தது, 300 வருஷம் கழிச்சு எல்லாரும் சாமியை மறந்துருவாங்கன்னு ஒரு வரியில முடிச்சுடுறது. இதுவரைக்கும் நடந்ததே வேற மாதிரி இருக்கு. 1969ல நிலாவுல இறங்கின பஸ் ஆல்ட்ரின் அங்கயே நற்கருணை, அதாவது கிறிஸ்தவ வழிபாட்டுல தர்ற அப்பமும் திராட்சை ரசமும், எடுத்துக்கிட்டாரு. 2007ல மலேசியாவோட ஷேக் முஸாஃபர் ரமலான் மாசத்துல விண்வெளி நிலையத்துக்குப் போனாரு, அங்க ஒரு நாளைக்கு 16 தடவை சூரியன் உதிக்கும், அப்ப அஞ்சு வேளை தொழுகைக்கு என்ன கணக்கு, மக்கா எந்தப் பக்கம்னு அவங்க நாட்டு மார்க்க அறிஞர்கள் உக்காந்து வழிமுறையே எழுதிக் கொடுத்தாங்க, கிளம்பின ஊரோட நேரத்தை வச்சுக்கலாம், மக்கா திசை முடியலன்னா பூமியைப் பாத்துத் தொழலாம், அதுவும் முடியலன்னா எந்தப் பக்கமும் சரின்னு.

நம்ம ஆளுங்க விண்கலத்துல போனா ஆயுத பூஜை இல்லாமலா இருக்கும்? அங்க சூடம் ஏத்துறதை மட்டும் யோசிச்சுப் பாருங்க. எடையில்லாத இடத்துல சூடான காத்து மேல போகாது, அதனால தீ கூம்பா நிக்காம உருண்டையா, மங்கலா எரியும், புகையும் மேல எழும்பாது, அங்கயே மிதக்கும். மூடின கேபின்ல தீன்னாலே பயம், கேப்டன் விடமாட்டாரு. எல்.இ.டி. விளக்கைக் காட்டினா அதைக் கண்ணுல ஒத்திக்கலாமா, அதுல சூடு இல்லையேன்னு ஒரு பாட்டி கேட்டா பதில் என்ன? ஒரு சீன்ல இவ்ளோ வேலை இருக்கு.

ஃபேன்டஸில நான் ரொம்ப வருத்தப்படுற விஷயம், நல்ல தேவன், கெட்ட அசுரன், கடைசில அசுரன் சாம்பல். இது எங்கேயோ படிச்ச அச்சு. பழனில இடும்பன் அசுர குலம், சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைத் தோள்ல தூக்கிட்டு வந்து முருகன்கிட்ட தோத்துப் போறான், ஆனா இன்னைக்கு மலை ஏறுறவங்க இடும்பனைக் கும்பிட்டுட்டுதான் மேல போறாங்க, தோள்ல காவடி கட்டுறதும் அவன் தூக்கின மாதிரிதான். சூரபத்மன் மயிலும் சேவலுமா கூடவே இருக்கான். தோத்தவனுக்கு சாமி பக்கத்துலயே இடம் கொடுக்குற ஊர்ல பிறந்துட்டு ஏங்க எதிரியை எரிச்சே முடிக்கணும்?

தீக்கு ஒரு சாமி, மழைக்கு ஒரு சாமின்னு இலாகா பிரிச்சு, கிரகம் முழுக்க ஒரே மதம்னு வைக்குறதையும் விட்டுடுங்க. நீலகிரியைப் பாருங்க, தோடர்களுக்கு எருமைப் பாலைத் தயிராவும் நெய்யாவும் ஆக்குற பால்மனையே கோயில், அந்த வேலையைப் பாக்குறவரே பூசாரி, அதே மலைல படுகர்கள் ஹெத்தையம்மனைக் கும்பிடுறாங்க. ஒரு மாவட்டத்துக்குள்ளயே இப்படின்னா ஒரு கிரகம் எப்படி இருக்கணும்? அதுக்காகத் தோடர் வழக்கத்தைத் தூக்கி, பேரை மட்டும் மாத்தி, விசித்திரச் சடங்குன்னு கதைல போட்டுடாதீங்க, அவங்க இன்னைக்கும் அங்க வாழ்றாங்க, நாளைக்கு உங்க கதையை அவங்க வீட்டுப் பொண்ணு படிக்கும்.

வேண்டின உடனே சக்தி ஏறுறது வீடியோ கேம், நம்ம ஊர்ல நேர்த்திக்கடன்னா கடன்தான், காரியம் நடந்த பிறகுதான் அதைத் தீர்க்குற வேலையே. மொட்டை போடுறேன்னு வேண்டினவன் மறந்துட்டா அவனுக்குள்ள என்ன ஓடும்னு எழுதுங்க. அப்புறம் பூசாரின்னாலே வில்லன்னு வைக்குறதும் வேணாம், கொடைக்கானல் மேல்மலைல பனில காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, ஆளே வராத கோயில்லயும் நடை திறக்குற ஒருத்தரு கதைல வந்தா நான் அவரு பின்னாடி எந்தக் கிரகத்துக்கும் போவேன்.