வகுப்பு விதிகளை ஆசிரியரிடமிருந்து தொடங்குவது எப்படி?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பு விதிகளைச் சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். இந்த ஆண்டு அந்தத் தாளை ஒரு வாரம் கழித்து ஒட்டுங்கள். எழுத எண்ணியிருக்கும் விதிகளை அந்த வாரம் நீங்கள் கடைப்பிடித்துப் பார்த்து, தவறிய இடங்களைப் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். நான் முதன்முறை அவ்வாறு குறித்தபோது, ஐந்து நாட்களில் நான்கு நாள் மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்திருந்தேன். தாமதமாக வருவோர் வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் நான் எழுதவிருந்த முதல் விதி!

அந்த விதியை அப்படியே கைவிட்டேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பதும் நினைவிருக்க வேண்டியதே. தாமதமாக வருபவர் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு அமரலாம் என்று மாற்றி எழுதி, நான் தாமதித்த நாளில் நானும் அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

கைபேசி விதிதான் மிகவும் சிக்கலானது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர் வருகையைச் செயலியில் பதிய வேண்டியிருப்பதால், கைபேசியே எடுக்கமாட்டேன் என்று ஆசிரியர் வாக்களிக்க இயலாது. ஆகவே பதிவிடும்போது, "வருகை பதிகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, முதல் வரிசைக்குத் தெரியும்படி திரையைத் திருப்பிக் காட்டுங்கள். முடிந்ததும் மேசையில் வைக்காமல் பைக்குள் போட்டுவிடுங்கள். மேசைமேல் கிடக்கும் கைபேசி ஒருமுறை அதிர்ந்தாலும், நாற்பது பேரின் பார்வையும் அங்கேதான் போகும்.

வீட்டுப்பாடத்தை உரிய நாளில் கேட்பவர், திருத்திய ஏட்டையும் உரிய நாளில் தர வேண்டும். மறுநாளே தருவதாகச் சொல்லித் தவறுவதைவிட, வியாழக்கிழமை என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது. அன்றும் தர முடியாமற்போனால், அந்த வாரம் தாமதமாக வரும் வீட்டுப்பாடத்தையும் குறை சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

குப்பை, காலணி, வரிசை போன்றவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. உடைந்த சுண்ணக்கட்டியை நீங்களே குனிந்து எடுத்தால் போதும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் உண்மையிலேயே வேறுபடும் விதிகளும் உண்டு: நாற்காலி, அனுமதியின்றி வெளியே செல்வது முதலியன. அவற்றின் காரணத்தை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பில் தேநீர் குடிப்பதற்கு அப்படியொரு காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை; ஆசிரியர் அறையிலேயே குடித்துவிட்டு வருகிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும், ஆசிரியர் எந்த விதியை அதிகம் மீறினார் என்று மாணவர்களைப் பெயரில்லாத துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். அதிகத் தாள்களில் வரும் விதியை, அடுத்த பருவத்துக்கான தாளில் எழுதுவதற்குமுன், மீண்டும் ஒரு வாரம் நீங்களே கடைப்பிடித்துப் பாருங்கள்.