டிரான்ஸ்கிரிப்டில் ஒரு 'டபிள்யூ'

அமெரிக்காவில் பி.எஸ். படிக்கும் மாமா மகள், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை விட்டுவிடலாமா என்று கேட்டாள். கீழக்கரை ஜெட்டியில் வத்தைப் படகு கரையேறும் சத்தத்துக்கு நடுவே போனில் கத்திச் சொன்னது இது:

ஆட்-டிராப் தேதிக்குள், அதாவது பாடங்களைச் சேர்க்கவும் விடவும் தரும் கெடுவுக்குள் விட்டால், டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் சான்றிதழில்) பொதுவாகத் தடமே இருக்காது. பிறகு விட்டால் டபிள்யூ, அதாவது 'வித்ட்ரா' (பாடத்தை விட்டார்) என்ற குறி விழும், ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) சேராது. ஃபெயிலாகி எஃப் வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஒரே ஒரு டபிள்யூவுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை, செமஸ்டர்தோறும் விழுந்தால்தான் அட்மிஷன் கமிட்டி உற்றுப் பார்க்கும். மேற்படிப்புக்கு அடிப்படைப் பாடமா? மறுபடி எடுத்து நல்ல கிரேடு காட்டு. எஸ்ஓபியில் (விண்ணப்பக் கட்டுரையில்) ஒப்பாரி வேண்டாம், காரணம் ஒரு வரி போதும்.

முதலில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேள். எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலைக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேண்டும். நான் கேட்காமலே ஒரு பாடத்தை விட்டவன். 15இல் 3 போய், நல்லவேளை, சரியாக 12 நின்றது.