மட்கார்டின் உட்புறத்தையும் கழுவுங்கள்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு, மாரி தொடங்க முன்னர் ஒரு குறிப்பு. மட்கார்ட் அழகுக்குப் பூட்டியதல்ல. சில்லு வாரி இறைக்கும் சேறும் கல்லும் எஞ்சினிலும் செயினிலும் பின்னால் வருபவரின் முகத்திலும் அடிக்காமல் தடுப்பது அதுதான்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். அங்கே அப்பிய மண் ஈரத்தையும் கடற்காற்றின் உப்பையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். இரும்பு மட்கார்ட் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளித்துத் தெரியும்போது உள்ளே நன்றாக அரித்திருக்கும்.

கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை உள்ளே அடித்து, பழைய டூத்பிரஷால் மடிந்த விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த மடிப்பில்தான் மண் இறுகிக் கிடக்கும். காய்ந்த பிறகு கறள் தெரிந்தால் சாண்ட்பேப்பரால் உரசி, கறள் தடுப்புப் பெயின்ட் பூசிவிடுங்கள். பிரேக்கில் மட்டும் பட விடாதீர்கள்.

பிளாஸ்டிக் என்றால் கறள் இல்லை, சரி. ஆனால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். ரப்பர் வாஷர் போட்டு, நட்டை அளவோடு முறுக்குங்கள். ஆட்டம் கண்ட மட்கார்டோடு ஓடவே வேண்டாம். முன்சில்லில் சிக்கினால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.